மாடிவீட்டு மால்ம்ஸ்டீன்

மாடியில் கிடார் பழகும் தம்பி படிக்கட்டில் எதிர்ப்பட்டால் வணக்கமெல்லாம் கிடையாது, எண்தான். "அங்கிள், 168!" போன வாரம் 164. சர்க்கரை அளவு போலிருக்கிறது என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னேன். மெட்ரோனோம் கணக்காம். நிமிடத்துக்கு 168 தட்டு, தட்டுக்கு நாலு ஸ்வரம்.

தம்பிக்குக் குலதெய்வம் ஸ்வீடன்காரர் இங்வே மால்ம்ஸ்டீன். பாகனினியின் வயலின் வேகத்தை எலெக்ட்ரிக் கிடாருக்குக் கொண்டுவந்தவர்; 1984-இல் 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பம் போட்டவர். அவர் கிடாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். தம்பி தன் கிடாரைக் கட்டில் செய்யும் ஆசாரியிடம் கொடுத்துச் செதுக்கிக்கொண்டான். குழிவெட்டிய கிடாரில் கொஞ்சம் அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். தம்பிக்கு அழுத்தாமல் பிடிக்கத் தெரியாது.

ஸ்வீப் என்று ஒன்று உண்டு. வாசல் பெருக்குகிற மாதிரி, கம்பி மீட்டும் பிக்கை ஐந்து கம்பிகள் மேலும் ஒரே இழுப்பாக இழுத்து, அதே வழியில் திரும்ப வேண்டும். போகும்போது ஜோராகத்தான் போகிறான். உச்சியில் சுண்டுவிரல் வைத்துத் திரும்புகிற இடத்தில் 'டொய்ங்'. மறுபடி முதலிலிருந்து. மறுபடி 'டொய்ங்'. ராத்திரி பத்து மணிவரை இதேதான். நான் தோசையைத் திருப்பிப் போடுவதே இப்போது அந்த டொய்ங்குக்குத்தான். அவன் ஊருக்குப் போன அன்று இரண்டு தோசை கருகியது.

"60-ல வெச்சு நிதானமா வாசியேன்ப்பா."

"டோன் வராது அங்கிள்."

இந்த டோனுக்காக மாதம் ஒரு பெட்டி வருகிறது. ஓவர்டிரைவ் பெடல், வால்வ் ஆம்ப், 1.5 மில்லிமீட்டர் பிக். வராத அந்தச் சுண்டுவிரலைத் தவிர மற்றதெல்லாம் கூரியரில் வந்துவிட்டது.

ஊரிலிருந்து வந்த பெரியம்மா, ஒரு காலத்தில் வீணை வாசித்தவள். அவன் ஸ்கேல் ஓட்டுவதை அரைமணி கேட்டுவிட்டு, "கீரவாணிதானே, எதுக்கு இப்படித் துரத்துறான்?" என்றாள். சரிதான். மேற்கத்திய ஹார்மானிக் மைனரும் நம் கீரவாணி ராகமும் ஒரே ஸ்வரங்கள். மாடிக்குப் போய்ச் சொன்னேன். வாயைப் பிளந்தான். பெரியம்மாவைப் பார்க்கணும் என்றான். இடதுகை விரல்நுனிகள் நாலும் காய்த்துப்போயிருந்தன. பாவமாக இருந்தது.

"தம்பி, நாலு வருஷமா கேக்கறேன். ஒரே ஒரு பாட்டு, முழுசா வாசிச்சுக் காட்டேன்."

"பாட்டா?" யோசித்தான். "172 வரட்டும் அங்கிள்."