மேப் மேஸ்திரி

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கி வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்த காலத்து இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்களில் சுடுகிறவர்கள் கொஞ்சம், சாகிறவர்கள் நிறைய. இரண்டிலும் சேராத ஆசாமி ஒருவர் விங்குக்கு விங்கு இருப்பார். அவர் ஆடமாட்டார், கட்டுவார். ஹேமர் எடிட்டர் என்ற மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆட்டம் நடக்கும் களமான மேப்பைச் சொந்தமாகப் போடும் மேஸ்திரி அவர்.

முதல் மேப் அநேகமாக அவர் குடியிருக்கும் ஹாஸ்டலாகத்தான் இருக்கும். இஞ்ச் டேப்பும் கையுமாகக் காரிடாரில் மண்டியிட்டிருப்பார். "என்னப்பா பண்ற?" என்று வார்டன் கேட்டால், "சிவில் ப்ராஜெக்ட் சார்" என்பார். படிப்பது எலெக்ட்ரானிக்ஸ்.

ஓர் அங்குலத்துக்கு எடிட்டரில் ஒரு யூனிட் என்று நூல் பிடித்தாற்போலக் கட்டுவார். ஐந்தடிக் காரிடார் 60 யூனிட் ஆகும். இந்த ஆட்டத்தில் நிற்கும் ஆள் 72 யூனிட் உயரம், 32 யூனிட் அகலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எதிரெதிரே வரும் இருவர் ஒதுங்கிப் போக வழியில்லை. கதவு மூன்றடி, அதாவது 36 யூனிட். பாம் வெடிக்கப் போகிறதென்று ஓடிவந்தவன் நின்று, நிதானித்து, உடம்பை நேராக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருக்கும். கொஞ்சம் பழகியவர்கள் நிஜ அளவை ஒன்றரை மடங்காவது பெருக்கிக்கொள்வார்கள். மேஸ்திரியிடம் சொல்லிப் பாருங்களேன். "அப்ப அது நம்ம ஹாஸ்டல் இல்லடா" என்பார்.

காரிடார் முடிவதற்கு முன்பே பாத்ரூமில் பக்கெட் வந்துவிடும். வளைந்த கைப்பிடியும் உள்ளே மக்கும் உண்டு. எடிட்டரில் 'கார்வ்' என்றொரு வசதி இருக்கிறது. ஒரு கட்டையால் இன்னொரு கட்டையைக் குடைந்தெடுக்கும். அனுபவசாலிகள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள், ஏனென்றால் குடைந்த சுவர் கண்டபடி சில்லுசில்லாகப் பிளந்து நிற்கும். வென்டிலேட்டருக்கு வட்டமாக ஓட்டை போட மேஸ்திரி எடுப்பது அதைத்தான்.

பிறகு லீக். மேப்பின் உட்புறம் முழுக்க மூடியிருக்க வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு யூனிட் சந்து இருந்தாலும் போதும், கம்பைல் செய்யும்போது, அதாவது கட்டியதை ஆடும்படி மாற்றும்போது, 'லீக்' என்று வந்து நிற்கும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு கோட்டைக்கூட அதுவே போட்டுக் கொடுக்கும். நம்மவர் அந்தக் கோட்டின் பின்னால் போகமாட்டார். ஹாஸ்டல் முழுவதையும் மூடுகிற மாதிரி பெரிய வானப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துவிடுவார். லீக் நின்றுவிடும், வினை அங்கேதான் ஆரம்பம். எங்கிருந்து எது கண்ணில் படும் என்று கணக்கெடுக்கும் 'விஸ்' இப்போது மொட்டைமாடி, வெளிச்சுவர், சன்ஷேடு என்று யாரும் கால் வைக்காத இடத்தையெல்லாம் சேர்த்துக் கணக்கெடுக்கும். விடிய விடிய ஓடும். டேபிள் ஃபேன் திறந்த சி.பி.யூ.வைப் பார்த்துத் திரும்பியிருக்க, ரூம்மேட் வேர்வையில் புரண்டுகொண்டிருப்பார்.

மறுநாள் மெஸ் முடிந்ததும் ஜூனியர்களுக்கு அழைப்பு. மேஸ்திரி அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார்.

"டேய், ஓடாத. நோட்டீஸ் போர்டைப் பாரு, மெஸ் பில் ஒட்டியிருக்கேன்."

"அண்ணா, சுடறாங்கண்ணா."

கட்டிய மாடியெல்லாம் ஒரே பெயின்ட், ஒரே கதவு. "எங்கடா இருக்க?" என்றால், "ரூம் வாசல்ல மச்சி" என்று பதில் வரும். எந்த ரூம் என்று சொல்பவனுக்கும் தெரியாது. ஐந்தாவது நிமிடம் ஒருவன் பாத்ரூம் வென்டிலேட்டரில் ஏ.டபிள்யூ.பி. ஸ்னைப்பர் துப்பாக்கியோடு குந்திக்கொண்டு மொத்தக் காரிடாரையும் காலி செய்வான். "அது காத்து வர்றதுக்குடா!" என்று மேஸ்திரி கத்துவார். ஆடுகிறவன் எங்கே உட்காருவான் என்பதை ஆடவிட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் மொட்டைச் சுவரை நட்டு, நாலு பேரை ஓடவிட்டு, இடித்து, மறுபடி நட்டு, கடைசியில் பெயின்ட் அடிக்கிறார்கள். மேஸ்திரியோ மெஸ் பில் வரைக்கும் ஒட்டிவிட்டார். இனி எதை இடிக்க மனசு வரும்?

இதற்கு நேர்மாறு, 1999இல் டேவ் ஜான்ஸ்டன் என்ற பதின்வயது இங்கிலாந்துப் பையன் இதே ஆட்டத்துக்குப் போட்ட டஸ்ட் மேப். 2001இல் டஸ்ட் 2. மணல் நிறச் சுவர், வளைவு வாசல், சில மரப்பெட்டிகள், அவ்வளவுதான் சரக்கு. ஆனால் இரண்டு கட்சியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முட்டிக்கொள்ளும்படி வழிகள் அமைந்திருக்கும். லாங், மிட், டனல் என்று சொன்ன மாத்திரத்தில் இடம் புரியும். மேஸ்திரியின் அபிப்பிராயம்: "பெட்டி அடுக்கி வச்சிருக்கான். இதெல்லாம் ஒரு வேலையா?" ஒரே அறை, நடுவே நாலு தடுப்பு, தரையில் துப்பாக்கிகள் என்றிருக்கும் ஐஸ்வேர்ல்டு பெயரை எடுத்தால் எழுந்தே போய்விடுவார். பாவம், அவர் ரூம் கதவைத் திறந்தால் விங் முழுக்க அதைத்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போது அவர் ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். தங்கமான மனுஷன். வீட்டுக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள், சாப்பாடு நன்றாக இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேட ஆரம்பித்தால் மட்டும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுங்கள். மூன்றாம் மாடி இன்னும் கம்பைல் ஆகவில்லை.