கண்ணாடிச் சுவரும் வாளிக் கயிறும்: சீகிரியாக் களஞ்சியவியல் பற்றிய ஓர் ஆய்வு

கணினிக்காரர்கள் பொருட்களஞ்சியம் என்று சொல்லும் ஏற்பாட்டை அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற பெயரில் தொடங்கிவைத்தது என்பது துறையறிஞர் கருத்து. அக்கருத்து சுமார் 1200 ஆண்டு பிந்தியது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சான்று மாத்தளை மாவட்டத்தில், சீகிரியாக் குன்றின் மேற்கு முகத்தில், சுண்ணச்சாந்து பூசிய செங்கல் சுவராக நின்றுகொண்டிருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கி எவரும் சரிபார்க்கலாம்.

முதலில் கலைச்சொல். இந்த ஏற்பாட்டில் பொருட்களைப் போட்டுவைக்கும் பக்கெட் என்பதற்குக் கொள்கலம், கொள்ளிடம் என்றெல்லாம் எழுதுவோர் உண்டு. நான் வாளி என்றே எழுதுவேன். எங்கள் கிணற்றில் கட்டியிருப்பதும் அதுதான். கறுப்புத் திரையில் தட்டும் கட்டளை வரியைக் கயிறு என்பேன். சுட்டியால் தட்டும் அழகான திரைகள் குழாய்த் தண்ணீர் மாதிரி: வந்தால் வரும், வராவிட்டால் ஏன் என்று தெரியாது. கயிற்றில் கனம் கைக்குத் தெரியும். இந்தக் கூற்றுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. என் வேலையை ஏறக்குறையப் பறித்த அந்த விதிவிலக்குக்குப் பிறகு வருகிறேன்.

வாளிக்குள் அடுக்கு, அறை, அலமாரி எதுவும் கிடையாது. ‘படங்கள்/2019/கல்யாணம்’ என்று பெயர் வைத்தால் பார்ப்பவருக்கு இரண்டு அறை தாண்டி ஒரு கோப்பு இருப்பதாகத் தோன்றும். உள்ளே ஒரே மண்டபம்தான். அந்தச் சாய்கோடும் பெயரில் ஓர் எழுத்து, அவ்வளவே. இனிச் சுவரைப் பாருங்கள். 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் காலத்துச் சுவர். அரசன் தன் முகம் பார்க்கும் அளவுக்கு மெருகிட்டிருந்தார்களாம். கண்ணாடிச் சுவர் என்ற பெயர் அப்படி வந்தது. அவன் போன பிறகு, நூற்றாண்டுக் கணக்கில், குன்றில் தீட்டியிருந்த ஓவியப் பெண்களைப் பார்க்க ஏறியவர்கள் அதில் கவிதை கீறினார்கள். பகுதி பிரிக்கவில்லை, தலைப்பு வாரியாக அடுக்கவில்லை. கிடைத்த இடத்தில் கீறினார்கள். ஆனால் பலரும் தம் பெயரையும் ஊரையும் கூடவே பொறித்தார்கள். பொருளோடு அதன் விவரக்குறிப்பும் ஒட்டியிருக்க வேண்டும் என்ற களஞ்சிய இலக்கணம் இங்கே முழுதாக நிறைவேறுகிறது.

அனுமதி விடயத்தில் மட்டும் காசியப்பனின் ஆட்கள் கவனம் பிசகிவிட்டார்கள். யாரும் வாசிக்கலாம், யாரும் எழுதலாம். இன்றைய நிர்வாகி ஒருவர் வாளியை இப்படித் திறந்துவிட்டால் மறுநாள் விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும்.

இந்த வாளிக்கு முறையாக ‘எல்எஸ்’ என்ற பட்டியல் கட்டளை கொடுத்துப் பட்டியல் எடுத்தவர் தொல்லியலாளர் செனரத் பரணவிதான. 685 பாடல்கள், 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. எஸ்3 ஒரு தடவைக்கு 1000 பெயருக்கு மேல் திருப்பித் தராது, மிச்சத்துக்கு மறுபடி கேட்க வேண்டும். பரணவிதானவின் பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகிறது. இந்த நயத்தை இதுவரை ஒருவரும் பாராட்டாதது ஆய்வுலகின் குறை.

அந்தச் சுவரில் ‘ஆர்எம்’ என்ற அழிக்கும் கட்டளை இல்லை என்பதே என் கருதுகோளின் உயிர். எழுத்தாணியால் ஒரு பாட்டைக் கீற எவ்வளவு நேரமோ, அதைச் சுரண்டி எடுக்கவும் குறைந்தது அவ்வளவு நேரம். வெயிலில் படியேறி வந்தவனுக்கு அந்தப் பொறுமை எங்கே இருக்கும்? நம் கருவிகள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டன. நான் கணினி வேலை பார்க்கும் ஒரு விருந்தினர் விடுதியின் 11 வருடப் படங்களை வாளியில் ஏற்ற எனக்கு நான்கு இரவு பிடித்தது. ஒரு மாலை, ‘படங்கள்’ என்ற பெயரில் தொடங்கும் நகல்களைக் கூண்டோடு அழிக்கக் கயிற்றை இழுத்தேன். கடைசியில் சாய்கோடு போட மறந்துவிட்டேன். சில கருவிகளுக்கு அது பெயரின் முன்பாதி மட்டுமே. ‘படங்கள்-மூலம்’ என்பதும் அந்த முன்பாதியில்தான் தொடங்குகிறது. திரையில் வரிகள் ஓடின. அழிக்கும்போது மட்டும் கயிறு கனமே காட்டாது. தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். வரவேற்பு மேசைப் பெடியன் கூப்பிட்டான்.

“அண்ணே, வெப்சைட்ல படமெல்லாம் எங்க போச்சு?”

“எந்தப் படம் தம்பி?”

“எல்லாப் படமும்.”

எஸ்3 ஆண்டுக்கு 99.999999999 வீதம் அழியாமைக்கென்றே வடிவமைக்கப்பட்டதாம். வட்டு பழுதாகும் கணக்கு அது. நிர்வாகியின் விரல் அதில் சேராது.

விரலுக்கு மருந்து பதிப்பு வைத்தல். அதை இயக்கி வைத்திருந்தால் ‘ஆர்எம்’ பொருளை அழிக்காது. அழிந்தது என்றொரு குறியை மேலே ஒட்டும், குறியை உரித்தால் பொருள் பழையபடி. இதற்கும் சீகிரியாவில் முன்னோடி உண்டு. 1967 அக்டோபரில் யாரோ ஓவியங்கள்மேல் பச்சைச் சாயம் பூசிவிட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்த லூசியானோ மரன்சி சாயத்தைப் பக்குவமாக அகற்றிப் பெண்களை மீட்டெடுத்தார். விடுதி வாளியில் பதிப்பு வைக்கப்படவில்லை. மரன்சி போன்ற ஒருவரும் கிடைக்கவில்லை.

மூலத்தையும் இலக்கையும் ஒன்றுபோல் ஆக்கும் ‘சிங்க்’ என்ற கட்டளைக்கு, சீகிரியா என்ற பெயரின் மூலமான சிங்ககிரியோடுள்ள சொற்பிறப்பு உறவை மொழியியலாளர் மறுக்கக்கூடும். மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழி என்ற விருப்பத்தோடு ‘சிங்க்’ கொடுத்து, மூலமாக வெற்று அடைவைக் காட்டிவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை மலையின் வடபுற மேடையில் காணலாம். அங்கே பெரிய சிங்கம் ஒன்று இருந்தது, 1898இல் தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் தோண்டியபோது கிடைத்தவை இரண்டு பாதங்கள். அதே மேடையில் குளவிக்குப் பயந்து ஒளிய வலைக்கூண்டு வைத்திருக்கிறார்கள். சத்தம் போடாதீர்கள் என்று பலகையும் உண்டு. அளவுக்கு மீறிக் கேள்விகளை அடுக்கினால் எஸ்3 ‘503, மெதுவாக’ என்று பதில் தரும். குளவி எண் சொல்வதில்லை.

காசியப்பன் மறந்ததைத் தொல்லியல் திணைக்களம் பின்னாளில் திருத்திவிட்டது. சுவர் இப்போது வாசிக்க மட்டும். 2015இல் அதில் தன் பெயரைக் கீறிய ஒருவருக்கு 2 வருடச் சிறை விதித்து, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் விட்டார்கள். என் வழக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. மறுநாள் காலை விடுதி முகாமையாளர் வாளியைத் திறக்கும் என் சாவியை வாங்கி, வேறொன்று தந்தார். அதில் ‘எல்எஸ்’ வேலை செய்கிறது, பொருளை எடுத்துப் பார்க்கும் ‘கெட்’ வேலை செய்கிறது. மற்றதெல்லாம் அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது.