சாரலை நம்பி மனை வாங்கலாமா? – அண்ணாச்சி பதில்கள்

சாரல் பித்தன், அம்பத்தூர்
ஜூலையில் குற்றாலம் வந்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. பேசாமல் குடிவந்துவிடலாமா அண்ணாச்சி?

வாங்க. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஏப்ரலில் ஒருதரம் வந்து பாருங்க. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து தூவிவிட்டுப் போவதுதான் சாரல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டோடு பெரும்பாலும் தீர்ந்தது. பங்குனி வெயிலில் பேரருவிப் பாறை காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் வெள்ளம் என்று அருவிப் பக்கமே விடமாட்டார்கள். நீங்கள் வாடகை கொடுக்கப்போவது பன்னிரண்டு மாதத்துக்கு. அருவி லீவு போட்ட நாளிலும் ஊர் பிடித்திருந்தால் சாமான்களை ஏற்றுங்கள்.

வீடு தேடும் இல்லத்தரசி, மதுரை
கணவருக்குத் தென்காசிக்கு மாற்றல். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, இலஞ்சி... எங்கே வீடு பார்ப்பது?

தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர், செங்கோட்டை 8. இலஞ்சி இவற்றுக்கு நடுவில். ஆகவே தூரத்தை விட்டுவிட்டுச் சாலையைப் பாருங்கள். செங்கோட்டைச் சாலை கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை. கேரளாவுக்கு ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகளோடுதான் உங்கள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் போகவேண்டும். குற்றாலச் சாலை சீசன் ஞாயிறுகளில் ஊர்ந்துதான் நகரும். அங்கே பல வீடுகள் சீசனில் நாள் வாடகைக்குப் போகும் என்பதால், மாத வாடகைக்காரரை விட டூரிஸ்ட் மேல்தான் ஓனருக்குப் பாசம். வயல் வாடையும் வேண்டும், ஆபீசும் பக்கத்தில் வேண்டும் என்றால் இலஞ்சி அல்லது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரே மேலகரத்துக்காரர்தான். பாட்டுக்குக் குற்றாலம், வீட்டுக்கு மேலகரம்!

தினசரிப் பயணி, பாவூர்சத்திரம்
வேலை திருநெல்வேலியில். தினமும் போய்வருவதா, அங்கேயே வீடு எடுப்பதா?

கணக்குப் போடுவோம். தென்காசி – நெல்லை பஸ்ஸில் சுமார் ஒன்றரை மணி நேரம். போக வர மூன்று. மாதம் 25 நாள் என்றால் 75 மணி நேரம். அதாவது மாதத்தில் மூன்று நாள் முழுசாக, ராத்திரி பகலாக, சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சீட் கிடைத்தால்! உங்கள் ஊர் வழியில் இருப்பதால் கொஞ்சம் மிச்சம். ரயில் நேரம் ஒத்துவந்தால் ரயிலில் போங்கள்; ஆலங்குளம் நெரிசல் இல்லை, செலவும் குறைவு. ஷிப்ட் மாறும் வேலை என்றால் தயங்காமல் நெல்லையில் ஒரு ரூம். மாதக் கடைசியில் பிள்ளை உங்களை ‘மாமா’ என்று கூப்பிடக்கூடாது பாருங்கள்.

ரயில் ரசிகன், செங்கோட்டை
ரயில் இருக்கும் ஊரில்தான் வீடு என்பது என் கொள்கை. சரியா?

சரிதான். ஆனால் தண்டவாளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அட்டவணையைப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து கொல்லத்துக்கு 1904-லேயே ரயில் விட்டார்கள். அந்த மீட்டர் கேஜை அகலப்பாதை ஆக்க, புனலூர் வரையிலான மலைப்பாதையை 2010-ல் நிறுத்தினார்கள். முழுப்பாதையும் திறக்க 2018 ஆனது. அந்த எட்டு வருஷமும் புனலூர்ப் பக்கம் போனவர்கள் மலைச்சாலையில் பஸ்ஸில் சுற்றினார்கள். ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை என்பது வருஷத்துக்கு நாலு தடவை வரும் சுகம். காலை எட்டு மணிக்கு ஆபீசுக்கு ரயில் உண்டா என்பதுதான் தினசரிக் கேள்வி.

லேப்டாப் விவசாயி, வேளச்சேரி
வீட்டிலிருந்தே வேலை. நெட் இருந்தால் போதும். எந்தக் கிராமம்?

மத்தளம்பாறையைப் பார்த்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்? மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011-ல் தென்காசிக்கு வந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு மத்தளம்பாறையிலேயே குடியேறினார். கவனியுங்கள்: அவர் வேலையையும் கூடவே கொண்டுவந்தார். உங்கள் வேலை வேளச்சேரியில் இருக்கிறது. மேனேஜர் ஒரு மெயில் தட்டினால் மறுவாரம் பெட்டியைக் கட்டவேண்டும். ஆகவே இரண்டு வருஷம் வாடகைக்கு இருங்கள். காற்றும் மழையுமான நாளில் கரண்ட் எத்தனை மணி நேரம் போகிறது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். மனை, தோட்டம் எல்லாம் அப்புறம்.

இலக்கிய தாகம், பாளையங்கோட்டை
எழுத்தாளனுக்கு ஏற்ற ஊர் இந்தப் பக்கத்தில் எது?

முன்னோர் இருவர் இரண்டு வழி காட்டியிருக்கிறார்கள். பாரதியார் 1918 கடைசியில் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்தார். மலையும் ஆறும் வயலும் எல்லாம் இருந்தன. சம்பளம் மட்டும் இல்லை. 1920-ல் சுதேசமித்திரன் வேலைக்காகச் சென்னைக்குத் திரும்பினார். ரசிகமணி டி.கே.சி. உத்தியோகத்தை எல்லாம் முடித்துவிட்டுக் குற்றாலத்தில் அமர்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். நீங்கள் ஊரைத் தேடிப் போகும் வயதா, ஊர் உங்களைத் தேடிவரும் வயதா? விடை அதில் இருக்கிறது.

மனைக் கனவு, திருப்பூர்
‘வயலைப் பார்த்த வீட்டு மனை’ என்று புரோக்கர் போட்டோ அனுப்புகிறார். வாங்கலாமா?

உங்கள் மனையே போன போகம் வரை வயலாக இருந்திருக்கும். அடுத்த வருஷம் எதிர் வயலும் மனையாகும். நீங்கள் பார்ப்பது யாரோ ஒருவர் வீட்டு பாத்ரூம் ஜன்னலை. சிற்றாற்றுத் தண்ணீர் அணைக்கட்டில் பிரிந்து கால்வாயில் வந்து, குளத்தில் தேங்கி, மடை வழியாக வயலுக்குப் போகிறது. அந்த வழியில் வீடு கட்டினால் மழைக்காலத்தில் தண்ணீர் உங்கள் ஹாலுக்குள் வந்து பழைய பாதையைத் தேடும். பட்டா, வில்லங்கம், டி.டி.சி.பி. அனுமதி, மலையடிவாரம் என்றால் ‘ஹாகா’ (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியல், நான்கையும் பாருங்கள். அப்புறம், அங்கே மாடு மேய்க்கும் பெரியவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்: ‘மழைக்கு இங்கே தண்ணி நிக்குமா தாத்தா?’ எந்தப் பத்திரத்திலும் இல்லாத விவரம் வரும்.

பண்ணை வீட்டுப் பிரியன், கோவை
மேக்கரைப் பக்கம் மலையை ஒட்டித் தோப்பு வாங்க ஆசை.

யானைக்கும் அதே ஆசை. அதற்குப் பத்திரமும் தேவையில்லை.

செல்போன் கேமரா, சேலம்
சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தித் தோட்டம் பார்த்தேன். ‘ரோஜா’ படத்து நாயகி ஊர்! அங்கே குடியேறினால்?

பூத்தால் அழகு, பூ முற்றிய பிறகு காய்ந்த தட்டை. சம்சாரி எண்ணெய் விலைக்காகத்தான் அதைப் போடுகிறார். உங்கள் செல்ஃபிக்காக அல்ல. விலை கட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் சோளம் போடுவார். அதற்கும் கூட நின்று போட்டோ எடுக்கத் தயாரா?

கல்லூரி மாணவியின் தாய், சுரண்டை
ஒரு ஊர் நல்ல ஊரா என்று ஒரே கேள்வியில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ‘கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய உதவிதான். ஆனால் ராத்திரி பஸ்ஸே இல்லாத ஊரில் இலவசத்தை எங்கே போய் வாங்குவது? ஆஸ்பத்திரி, டியூஷன், கடை வேலை மூன்றும் அந்தக் கடைசி பஸ்ஸில்தான் தொங்குகின்றன. வாடகை ஆயிரம் கூடினாலும் பஸ் ஓடும் ஊரையே எடுங்கள்.

புளியங்குடிக்காரன், புளியங்குடி
தென்காசி தனி மாவட்டம் ஆனதில் எங்களுக்கு என்ன லாபம்?

2019 நவம்பர் 22-க்கு முன் கலெக்டரிடம் மனு கொடுக்க நெல்லை கொக்கிரகுளம் வரை போனீர்கள். இப்போது தென்காசி. மனு அதேதான், பஸ் செலவு குறைவு.

தூக்கம் கெட்டவன், கடையநல்லூர் அருகே
அமைதிக்காகக் கிராமத்துக்கு வந்தேன். கோயில் கொடைக்கு மூன்று நாள் மைக்செட்! வரி வேறு கேட்கிறார்கள்.

அமைதிதான் கிராமம் என்று யார் சொன்னது? வரி கேட்டார்களா? சந்தோஷப்படுங்கள். உங்களை ஊர்க்காரர் என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

பூர்வகுடி, ஆயிரப்பேரி
இப்படி எல்லாரையும் வா, வா என்கிறீரே அண்ணாச்சி. வந்து குவிந்தால் எங்கள் ஊர் ஊராக இருக்குமா?

நியாயமான கோபம். வருகிறவர்கள் வயலை அழிக்காமல் ஊருக்குள் வீடு எடுத்தால் இருக்கும். மூடிக்கிடக்கும் பழைய வீடுகள் எத்தனையோ திறக்கும், நின்றுபோன மினி பஸ் திரும்ப ஓடும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூடும். வயலுக்கு நடுவில் காம்பவுண்டு எழுப்பி ‘இயற்கையோடு வாழ்கிறேன்’ என்பவரைத்தான் தடுக்கவேண்டும். அதற்கு என்னைத் திட்டிப் பயனில்லை. விற்கிறவர் உங்கள் சித்தப்பாவாக இருக்கப்போகிறார். முதலில் அவரிடம் பேசுங்கள்.