எல்லாம் அறிந்தவர்கள்

நம் ஊரில் சாலை போடுகிறவர்களுக்கு விஷயம் தெரியாது என்று டீக்கடையிலும் டி.வி. விவாதத்திலும் பேசுகிறார்கள். அது அநியாயமான பேச்சு. நெடுஞ்சாலைத் துறையிலும் மாநகராட்சியிலும் இருக்கும் பொறியாளர்கள் நன்றாகப் படித்தவர்கள், கணக்கில் கெட்டி, மண்ணும் ஜல்லியும் தாரும் எப்படி நடந்துகொள்ளும் என்று கைப்பழக்கமாகவே தெரிந்தவர்கள். சைக்கிளில் போகிறவரைப் பற்றியும் அவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் அறிவுக்கு உரிய மரியாதையை நாம் இதுவரை செய்யவில்லை. அதை இங்கே செய்ய விரும்புகிறேன்.

இந்தியச் சாலைப் பொறியாளர்களின் பொது அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1934-இல் தொடங்கியது. சைக்கிள் பாதைகளுக்கென்றே அது 1962-இல் ஒரு நெறிமுறை வெளியிட்டது, ஐ.ஆர்.சி. 11 என்பது அதன் எண். மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் ஓடும் சாலையில், நெரிசல் நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள்கள் போனாலே தனிப் பாதை போடுவது நியாயம் என்கிறது அது. ஒரு மணி நேரத்துக்கு 200 வண்டி! இன்று சென்னையில் பெரிய சாலை எதிலும் அத்தனை வண்டிகளை ஒரே சிக்னலில் எண்ணி முடித்துவிடலாம். பாதை குறைந்தது 2 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், ஒருவரை ஒருவர் முந்திப் போக இடம் வேண்டுமென்றால் 3 மீட்டர் வேண்டும், சாலையின் இரு பக்கமும் இருக்க வேண்டும், வண்டிகள் ஓடும் பகுதியிலிருந்து இடைவெளி விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது ஏற்றம் பற்றிய பகுதி. 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவைவிடச் செங்குத்தான ஏற்றத்தைச் சைக்கிள் பாதையில் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்கலாம். இதை எழுதியவருக்குச் சைக்கிள் மிதிப்பவரின் மூச்சு தெரிந்திருக்கிறது. கேரியரில் மூட்டையை வைத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது தொடை எந்த இடத்தில் கடுக்கத் தொடங்கும் என்று தெரிந்திருக்கிறது. இன்னொரு வரியின் கருத்து இது: சைக்கிள் பாதையின் தளமும் வெளிச்சமும் பக்கத்துச் சாலைக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ இருக்க வேண்டும், அப்போதுதான் ஆட்கள் அதில் வருவார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்கள். 2015-இல் அந்த நெறிமுறையைத் திருத்திப் புதுப்பித்தும் விட்டார்கள். உலகத்தில் யாரிடமும் போய்ப் பாடம் கேட்க வேண்டிய நிலையில் நம்மவர்கள் இல்லை.

தண்ணீரைப் பற்றி அவர்கள் அறிந்திருப்பதும் அப்படித்தான். மழைநீர் தேங்கினால் தார் பிய்ந்துகொள்ளும். அதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி, இரண்டு ஓரமும் சரியும்படி நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்று சரிவு கொடுக்கிறார்கள். தண்ணீர் சொன்னபடி கேட்கிறது. மணலையும் கண்ணாடிச் சில்லையும் இழுத்துக்கொண்டு இடது ஓரத்துக்கு வருகிறது. அங்கே வடிகால் வாய் இருக்கிறது. அதன் மேல் இரும்புக் கிராதி. பல இடங்களில் அந்தக் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கும். இரண்டு கம்பிக்கு நடுவே உள்ள சந்தில் சைக்கிளின் முன்சக்கரம் அப்படியே இறங்கும். இறங்கினால் சைக்கிள் நின்றுவிடும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போவார். கிராதியைக் குறுக்குவாக்கில் திருப்பிப் போட்டாலும் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். சாலையை மறுபடி போடும்போது புதுத் தார் ஓரம் வரை வராமல் அரை மீட்டருக்கு முன்பே முடிந்து, கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு படி விழுந்திருக்கும். காரில் போகிறவருக்கு அந்தப் படி இருப்பதே தெரியாது. கொல்லறும் சட்டியும் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வேலைக்குப் போகும் கொத்தனாருக்கு அதன் ஒவ்வோர் அடியும் தெரியும். ஏனென்றால் சட்டமும் பழக்கமும் ஹாரனும் சேர்ந்து அவருக்கு ஒதுக்கியிருக்கும் இடம் அதுதான்.

சந்திப்புக்கு வருவோம். பொறியாளரின் திறமை முழுதாக வெளிப்படும் இடம் அது.

ஒரு நீளமான பேருந்தோ கன்டெய்னர் லாரியோ இடப்பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வெட்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் திருப்பத்தை அகலப்படுத்துகிறார்கள், மூலையை வட்டமாகச் செதுக்குகிறார்கள். ஃப்ரீ லெஃப்ட் என்று நாம் சொல்லும் அந்த வளைவு அப்படிப் பிறந்ததுதான். சிக்னல் சிவப்பாக இருந்தாலும் நிற்காமல், பிரேக்கில் கால் வைக்காமலே, வழுக்கிக்கொண்டு போய்விடலாம். கரைக்கல்லில் ஒரு கீறல் விழாது. எத்தனை துல்லியம்!

அந்த வளைவில்தான் நேரே போக வேண்டிய சைக்கிள்காரர் இருக்கிறார். ஓரமாகப் போ என்று சொல்லப்பட்டவர். அதனால் இடது ஓரத்தில் இருக்கிறார். அவருக்கு வலப்பக்கத்தில் லாரி. லாரி இடப்பக்கம் திரும்புகிறது. ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவுக்குக் கீழே ஒட்டி நிற்கும் ஆள் அவர் கண்ணில் படமாட்டார். முன்பகுதி தாண்டிப் போய்விட்டது, ஆபத்து போய்விட்டது என்று சைக்கிள்காரர் நினைக்கும் நேரத்தில் பின்சக்கரம் உள்ளே வெட்டி வருகிறது. கல் உடையாமல் காப்பாற்றிய அதே கணக்கு, அந்த முக்கோணத்தில் ஆள் நிற்கக் கூடாது என்பதையும் சொல்லும். வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. சாலையில் அங்கே இரவுப் பணி முடித்து வீட்டுக்குப் போகும் ஒரு காவலாளி இருக்கிறார்.

சிக்னல் நேரக் கணக்கும் இப்படித்தான். 40 மீட்டர் அகலமான சந்திப்பை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 4 விநாடிக்குள் கடந்துவிடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதிக்கிறவருக்குக் கிட்டத்தட்ட 10 விநாடி ஆகும். நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறவர் என்றால் இன்னும் கூடும். பத்தாம் வகுப்புக் கணக்கு இது. மஞ்சள் விளக்கை எத்தனை விநாடி எரியவிட வேண்டும் என்று கணக்கிடுகிறவர்களுக்கு இந்த 6 விநாடி வித்தியாசம் தெரியாமலிருக்க வழியில்லை. பச்சை முடியும் நேரத்தில் உள்ளே நுழைந்த சைக்கிள்காரர் நடுவில் இருக்கும்போதே குறுக்குச் சாலையில் ஆக்ஸிலேட்டர் முறுக்கும் சத்தம் கேட்கிறது.

நெதர்லாந்து நாட்டுப் பொறியாளர்களும் ஒரு காலத்தில் இதே போலக் காருக்கு மட்டும் கணக்குப் போட்டார்கள். 1971-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்தச் சிறிய நாட்டில் சாலையில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே பழகிய வடிவம் மிக எளிமையானது. சந்திப்பின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிறு மேடை. திரும்பும் வண்டி அந்த மேடையைச் சுற்றி வர வேண்டும். சுற்றினால் வேகம் தானாகக் குறையும். சைக்கிள் பாதை அந்த மேடைக்கு உள்பக்கமாகப் போய், குறுக்குச் சாலையை ஒரு கார் நீளம் தள்ளிக் கடக்கும். அதனால் திரும்பி வரும் ஓட்டுநருக்குச் சைக்கிள்காரர் பக்கவாட்டில் ஒளிந்திருக்க மாட்டார், கண்ணாடிக்கு நேர் எதிரே தெரிவார். சிவப்பில் காத்திருக்கும் சைக்கிள்கள் வண்டிகளின் கோட்டுக்கு முன்னால் நிற்கும். பச்சை விழுந்ததும் முதலில் கிளம்பும். அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், இங்கே இடப்பக்கம். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிக்கொண்டால் போதும். தேவைப்படுவது கொஞ்சம் கான்கிரீட், சில கரைக்கல், பெயின்ட்.

நம்மவர்களின் கைத்திறனுக்கு இது ஒரு வேலையா? 1973-இல் ஜெமினி மேம்பாலத்தைக் கட்டியவர்கள் அவர்கள். 2008-இல் திறந்த கத்திப்பாரா மேம்பாலத்தைப் பாருங்கள். எந்தத் திசையிலிருந்து வரும் வண்டியும் எந்தத் திசைக்கும் சிக்னலில் நிற்காமல் போகலாம்; சுழன்று சுழன்று இறங்கும் அந்த வளையங்களை விமானத்திலிருந்து பார்த்தால் கோலம் போலிருக்கும். அந்த இடத்தைச் சைக்கிளில் கடந்து பார்த்தவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு வளையம் வந்து சேரும் இடத்திலும், பிரியும் இடத்திலும், வேகம் குறையாத வண்டிகளின் வரிசையைக் குறுக்கே வெட்டித்தான் அவர்கள் போக வேண்டும். நிற்காமல் போவதற்கென்றே கட்டிய இடத்தில் யாரும் அவர்களுக்காக நிற்க மாட்டார்கள். கட்டியவர்கள் எதைச் சாதிக்க நினைத்தார்களோ அதைக் குறைவில்லாமல் சாதித்திருக்கிறார்கள்.

துணிச்சல் இல்லை என்றும் சொல்ல முடியாது. தி.நகர் பாண்டி பஜாரில் வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்க முடியாது, கடைக்காரர்கள் விடமாட்டார்கள், கார் நிறுத்த இடம் இருக்காது என்று எத்தனை பேர் சொன்னார்கள்! 2019-இல் செய்து காட்டினார்கள். இன்று அங்கே வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாய்மார் நடக்கிறார்கள். சென்னையில் சாலையின் அகலத்தைப் பிரித்துக் கொடுப்பது நடக்காத காரியம் என்று இனி ஒரு பொறியாளர் சொன்னால், அவருடைய துறையே அவருக்கு எதிர்சாட்சி.

சட்ட திட்டம் வகுப்பதிலும் நாம் முந்தியவர்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று தனிக் கொள்கையை 2014-இலேயே சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கான வசதிகளுக்குப் போக வேண்டும் என்றது அந்தக் கொள்கை. 2018-க்குள் நடப்பவர், சைக்கிளில் போகிறவர் ஒருவர்கூடச் சாலையில் சாகாத நகரமாக ஆக வேண்டும் என்று இலக்கும் வைத்தது. இதைவிட மனிதநேயமான ஒரு வாக்கியத்தை நம் அரசுக் கோப்புகளில் நான் படித்ததில்லை. 2018 போய்விட்டது. கொள்கை அப்படியே இருக்கிறது, நகரமும் அப்படியே இருக்கிறது.

சைக்கிளை மதிக்கத் தெரியாத மண்ணும் இல்லை இது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் கற்றார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் பஸ்ஸுக்குக் காத்திராமல், யாரிடமும் கேட்காமல், தாங்களே போய் வந்தார்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறோம். வேறு மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றத் தக்க திட்டம் அது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சீட்டோடு அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வருவாள். வாசலுக்கு எதிரே, அதே அரசு போட்ட நான்குவழிச் சாலை. மீடியனில் திறப்பு எங்கோ தள்ளி இருக்கிறது. இடது ஓரத்தில் மண்ணும் கிராதியும். அவள் ஏறி உட்கார்ந்து மிதிக்க வேண்டும்.

எந்தப் பள்ளியில் எத்தனை சைக்கிள் கொடுத்தார்கள் என்ற பட்டியல் கல்வித் துறையில் இருக்கிறது. எந்தச் சாலை எத்தனை மீட்டர் அகலம், எந்தச் சந்திப்பில் எந்த வளைவு என்ற வரைபடம் நெடுஞ்சாலைத் துறையில் இருக்கிறது. எங்கே யார் அடிபட்டார் என்ற விவரம் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையாக இருக்கிறது. மூன்று கோப்புகளையும் ஒரே மேசையில் விரித்தால், முதல் மேடையை எந்த மூலையில் கட்ட வேண்டும், எந்தக் கிராதியை முதலில் திருப்பிப் போட வேண்டும் என்பதை நம் பொறியாளர்கள் ஒரே நாளில் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் அதைச் சேர்க்கத் தேவையான எல்லா அளவும் 1962-லிருந்தே அவர்கள் கையில் இருக்கிறது.