காத்துக்கு ஏது காசு

செகண்ட் ஹேண்டுல லாரி எடுத்துட்டயாமா, கண்ணு. நாமக்கல்லுல பொறந்துட்டு லாரி எடுக்கலைன்னாத்தான் ஊரு சிரிக்கும். பட்டறையில பாத்தேன். நெத்தியில மயிலு, பின்னால மக பேரு, அஞ்சு கொரல்ல பாடற ஏர் ஹாரன். அமர்க்களம்! கம்ப்ரஸர் மட்டும் எண்ணெய் தள்ளுதுன்னு மேஸ்திரி சொன்னதுக்கு, "காத்து ஊதற சாமானுக்கு எதுக்குக் காசு"ன்னு கேட்டயாமா. ஆகட்டும், பொழைக்கத் தெரிஞ்ச புள்ள.

நீ மிதிக்கற மிதியா பத்து டயரையும் நிறுத்துது? உன்ற காலு ஒரு வால்வைத் தொறந்து உடுது, அவ்வளவுதான். டேங்குல இருக்கற காத்து போயி சேம்பர்ல முட்டி, லைனிங்கை டிரம்முல அழுத்துது. அந்தக் காத்தை அடைக்கறது இன்ஜினோட ஒட்டிக்கிட்டுச் சுத்தற கம்ப்ரஸர். அதுக்கும் பிஸ்டன் உண்டு, ரிங்கு உண்டு, இன்ஜின் ஆயிலே அதுக்கும் ஆயிலு. ஏர் ஃபில்டரை நீ தட்டாம உட்டயின்னா தூசியைத் தின்னே ரிங்கு தேயும். தேஞ்சா ஆயிலு காத்தோட மேலேறி, டெலிவரி பைப்புல கரியாப் படிஞ்சு, டிரையர்ல இருக்கற ஈரம் உறிஞ்சற மருந்தையும் கெடுத்துரும். அப்பறம் டேங்கு வால்வைத் தொறந்தா மோர்க்குழம்பாட்டம் வரும். பயப்படாத, வண்டிக்கு நெய் ஊறுதுன்னு நெனச்சுக்க.

எங்காச்சும் ஏர் லீக் இருந்தாலும் கண்டுக்காத. ஏர் மீட்டர் முள்ளு 8 பார் பக்கம் வந்ததும் டிரையர் 'புஸ்'ஸுன்னு உடும்; அப்பத்தான் கம்ப்ரஸருக்கு ஓய்வு. லீக் இருந்தா அந்த ஓய்வே இல்ல, நாளெல்லாம் அடிச்சுக் கொதிக்கும். நீ மட்டும் ஏசி கேபின்ல இரு.

அப்பறம் தொப்பூர் எறக்கம். தர்மபுரியில இருந்து சேலத்துக்கு லோடோட எறங்கறப்ப நியூட்ரல்ல உடு. டீசல் மிச்சமாகும். நியூட்ரல்ல இன்ஜின் மெதுவா ஓடும், கம்ப்ரஸரும் மெதுவாத்தான் அடிக்கும். நீயோ மிதிமிதின்னு மிதிச்சு டேங்கைக் காலி பண்ணுவ. பஸ்ஸர் கத்தும். பாட்டுக் கேக்கத் தொந்தரவா இருந்தா ஒயரைப் பிடுங்கிரு! காத்து இன்னும் எறங்கினா பின்சக்கரத்துல இருக்கற பிரேக் ஸ்பிரிங்கு தானாப் பிடிச்சுக்கும், அது எந்த வளைவுன்னு பாக்காது. காத்துப் போனா பிரேக்கு பிடிக்கோணும்கற யோசனையை வெஸ்டிங்ஹவுஸுன்னு ஒரு அமெரிக்காக்காரரு 1872-லயே ரயிலுக்குப் பண்ணி வெச்சாரு. அவரு உன்னைப் பாத்திருக்க மாட்டாரு, ஆனா உன்னையாட்ட ஆளுங்களை நல்லாப் பாத்திருக்காரு. ஸ்பிரிங்கு பிடிக்கறதுக்கு முன்னாடியே லைனிங்கு சூடேறிருச்சுன்னா டேங்கு நெறையக் காத்து இருந்தும் பிடிமானம் போயிரும். அதுக்குக் கம்ப்ரஸர் என்ன பண்ணும் பாவம்.

சரி, கெழவன் வெளையாட்டை உடு. எறக்கத்துக்கு முன்னயே சின்ன கியருக்கு வந்துரு, வேகத்தை இன்ஜின் பிடிச்சுக்கும். வாரம் ஒருக்கா டேங்கு வால்வைத் தொற. வெறும் தண்ணி வந்தா டிரையரைப் பாரு, ஆயிலு வந்தா கம்ப்ரஸரைக் கழட்டு. காலையில முள்ளு 8-க்கு வர்ற வரைக்கும் ஹேண்ட் பிரேக்கை எடுக்காத. ஏர் ஏறறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுரலாம். எனக்கும் ஒண்ணு சொல்லு, சக்கரை தூக்கலா.