என் பேரு எங்கடா, மாப்ள?

வாங்க மாப்ள, வாங்க. பெங்களூர்லருந்து எப்ப வந்தீக? கழுத்துல தொங்குறது புதுசா? போன தடவை தொங்குனதை விட இதுக்கு மூக்கு நீளமா இருக்கே. அக்காகிட்ட வெலையச் சொல்லிட்டியா, இல்ல ஆபீசுல சும்மா குடுத்தாகன்னு சொல்லி வச்சிருக்கியா? பயப்படாத, நான் வாயத் தொறக்க மாட்டேன். டீக்கு மட்டும் நீ காசு குடுத்துரு.

இப்படி ஆலமரத்து வேர்ல உக்காரு. பேண்ட்டுல மண்ணு ஒட்டுனா ஒட்டட்டும். அதையும் ஒரு படம் எடுத்து ‘வேர்களைத் தேடி’ன்னு போட்டுக்கலாம்.

போன பொங்கலுக்கு என்னைய ஒண்ணு எடுத்தியே, அதைப் பேத்தி போன்ல காட்டுனா. நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. ஆனா அம்புட்டு வெலை குடுத்துக் கேமரா வாங்கிட்டு, கலரை மட்டும் எதுக்குடா உருவி எடுத்த? மருமக ஆசையா எடுத்துக் குடுத்த பச்சைச் சட்டைடா அது. படத்துல பாத்தா எழவு வீட்டுக்குப் போறவன் கணக்கா நிக்கிறேன். கீழ ‘காலம் செதுக்கிய முகம்’னு எழுதியிருக்க. ஒருத்தன் ‘மண்ணின் ஆன்மா’ங்கிறான். இன்னொருத்தன் ‘ஐயா இப்ப இருக்காரா?’ன்னு கேட்டிருக்கான். இருக்கேன்டா. இந்தா, உன் காசுல டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன்.

எனக்கு ஒரு சந்தேகம். எனக்குப் பேரு இல்லையா? ரேசன் கார்டுல இருக்கு. அய்யனார் கோயில் வரி நோட்டுல இருக்கு. கூட்டுறவுச் சங்கத்துல கடன் கட்டாதவக பட்டியல்ல மேலருந்து ரெண்டாவது இருக்கு. உன் படத்துல மட்டும் இல்ல. மூலையில இங்கிலீசுல வளைச்சு நெளிச்சு என்னமோ இருக்கேன்னு பேத்தியக் கேட்டா, அது உன் பேராம். பேருக்குப் பின்னால ‘போட்டோகிராபி’ன்னு ஒரு பட்டம் வேற.

அவ இன்னொண்ணும் சொன்னா. நீ ஒரு படம் எடுத்தா, அந்த மிசினு தன் பேரு, லென்சு பேரு, நாளு, மணி, எம்புட்டு வெளிச்சம் உள்ள விட்டுச்சு, எம்புட்டு நேரம் கண்ணைத் தொறந்து வச்சுச்சு, எல்லாத்தையும் படத்துக்குள்ளயே எழுதி வச்சுக்கிருமாமே? போன்ல எடுத்தா எந்த எடத்துல நின்னேங்கிறதைக்கூட எழுதுமாம். கெட்டிக்கார மிசினுதான். எதுத்தாப்புல நின்ன கெழவன் பேரு மட்டும் அதுக்குத் தெரியாது. அதைக் கேட்டு எழுத வேண்டியது நீ. நீ கேட்டது என்ன? ‘மாமா, சிரிக்காதீங்க, சோகமா பாருங்க.’ பொங்கல் அன்னைக்கு!

நீ வரலாறு பேசுற ஆளு, அதனால வரலாறாவே சொல்றேன். பாரிசுல தாகர்னு ஒருத்தர் 1838ல மாடியிலருந்து ஒரு தெருவப் படம் எடுத்தாராம். தெரு நெறைய வண்டியும் சனமும் போய்க்கிட்டுத்தான் இருந்திருக்கு. ஆனா படம் விழ நிமிசக் கணக்குல ஆகுங்கிறதால, நடந்து போன ஒருத்தனும் அதுல விழல. ஓரமா நின்னு செருப்புக்கு மெருகு போட வச்சுக்கிட்டிருந்த ஒரு மனுசன் மட்டும் விழுந்துட்டான். படத்துல விழுந்த முத ஆளு அவன்தான்னு சொல்றாக. அவன் யாருன்னு யாருக்கும் தெரியாது. மெருகு போட்டவன் பேரும் தெரியாது. எடுத்த தாகர் பேரு மட்டும் எல்லாருக்கும் தெரியும். நீ அந்த வம்சந்தான், ஒத்துக்கிறேன்.

நம்ம பக்கத்துக்கும் ஒருத்தர் வந்திருக்காரு. லின்னேயஸ் டிரைப்னு கம்பெனிப் பட்டாளத்துக்காரர், மெட்ராஸ் சர்க்காரே சம்பளம் குடுத்துப் படம் எடுக்கச் சொன்ன ஆளு. 1858ல மதுரைக்கு வந்து மீனாச்சி கோயிலு, திருமலை நாயக்கர் மகாலு, தெப்பக்கொளம்னு எடுத்துத் தள்ளியிருக்காரு. மகால் அப்ப இடிஞ்சு கெடந்துச்சு. அப்புறம் நேப்பியர் பிரபு கவர்னரா வந்துதான் மராமத்துப் பாத்தாக. டிரைப்போட நெகட்டிவு காகிதம், மெழுகு தடவுன காகிதம். அந்தக் கால மருந்துக்கு நீலம்னா அவசரம், வானம் மொத்தமும் வெளுத்துப் போயிரும். மனுசன் என்ன செஞ்சாரு? நெகட்டிவுலயே தூரிகைய வச்சு மேகம் போட்டாரு. நீ போன வருசம் நம்ம கம்மாய்க்கு மேல எங்கயோ கெடந்த செவ்வானத்தை ஒட்டுனியே, ‘பில்டர் இல்லை’ன்னு கீழ எழுதி? தைரியமா இரு, நூத்தம்பது வருசத்துக்கு மேல பழக்கமுள்ள வேலைதான் அது.

அவரு சோலிய யாரு முடிச்சது தெரியுமா? டிரெவெல்யான்னு புதுசா வந்த கவர்னர். இதெல்லாம் ஆடம்பரம்னு சொல்லிச் செலவ நிறுத்திப்புட்டாரு. எங்க அக்காளும் உன்னைப் பத்தி அதே வார்த்தைதான் சொல்லிக்கிட்டுத் திரியுறா. அந்தக் காலத்துல பொறந்திருந்தா அவளும் கவர்னராயிருப்பா.

டிரைப் தஞ்சாவூர்லயும் ஒரு காரியம் செஞ்சாரு. பெரிய கோயில் விமானத்து அடியில சுத்தி ஓடுற கல்வெட்டைத் துண்டு துண்டா எடுத்து, 21 படத்தை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினாரு. உன்னோட பனோரமாவுக்கு அவருதான் முப்பாட்டன். அதே கோயில் சுத்துச் சுவர்ல ராசராசன் இன்னொண்ணு வெட்டி வச்சிருக்கான். ஆட வந்த 400 தளிச்சேரிப் பொண்டுகளுக்கும் பேரு, எந்தக் கோயில்லருந்து வந்தவ, எந்தத் தெரு, தெருவுல எந்தச் சிறகு, எத்தனாவது வீடு, எல்லாம் கல்லுல இருக்கு. ஆளுக்கு வருசம் நூறு கலம் நெல்லுன்னு கூலியும் இருக்கு. ஆயிரம் வருசத்துக்கு முன்னால ஒரு ராசா நானூறு பேரு வெலாசத்தைக் கல்லுல எழுதியிருக்கான். உனக்கு ஒரு தாய்மாமன் பேரு எழுத விரல் வலிக்குது.

டிரைப்பு எடுத்தப்பயும் அசைஞ்சவக படத்துல விழுந்திருக்க மாட்டாக. அவகளுக்குப் பேரு போடலைன்னா ஞாயம். நான் அசையாமத்தானடா நின்னேன்?

சரி, பாட்டுக்கு வருவோம். என் படத்தை ஆட விட்டுப் பின்னால ஒரு பாட்டுப் போட்டிருக்கியே, அது யாரு பாட்டு? ‘பழைய எம்ஜிஆர் பாட்டு மாமா’ன்னு சொல்ற. எம்ஜிஆர் எப்படா பாடுனாரு? பாடுனது டி.எம். சௌந்தரராசன். நம்ம மதுரைக்காரரு. எம்ஜிஆருக்கும் அவருதான், சிவாஜிக்கும் அவருதான். ரெண்டு கட்சிக்காரனும் ஒரே தொண்டைய வச்சுத்தான் சண்டை போட்டோம். அப்பயும் ‘எம்ஜிஆர் பாட்டு’, ‘சிவாஜி பாட்டு’தான். 1976ல ‘அன்னக்கிளி’ வந்துச்சு. இசை இளையராசா, பண்ணைப்புரத்துல பொறந்த ஆளு, நமக்கு மேக்க. அதுக்கப்புறம்தான் ‘ராசா பாட்டு’ன்னு கடையில கேட்டு வாங்க ஆரம்பிச்சோம். முகத்தைக் காட்டாம வேலை பாத்தவன் பேரச் சொல்லிக் காசு குடுத்தோம், பாத்துக்க.

அதுக்கெல்லாம் முன்னால ஒரு பொம்பள. கவுகர் ஜான்னு பேரு. 1902ல கல்கத்தாவுல கிராமபோன் தட்டுக்குப் பாடுனவுக. பாட்டு முடியிற எடத்துல, இங்கிலீசுல, ‘என் பேரு கவுகர் ஜான்’னு ஒரு போடு போட்டுட்டுத்தான் நிறுத்துவாக. ஏன்னா மெழுகுத் தட்டு செர்மனிக்குப் போய் அங்க அச்சாகணும். அங்க இருக்குற தொரைக்கு இது யாரு குரல்னு எப்பிடித் தெரியும்? பாட்டுலயே பேரச் சேத்து அனுப்பிட்டா வம்பு இல்ல. தொழில் தெரிஞ்சவுக.

உனக்கு சிலோன் ரேடியோ தெரியாது. கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீதுன்னு கொரலே கொல்லும். படம் இன்னது, பாடுனவுக இன்னார், எழுதுனவுக இன்னார், இசை இன்னார்னு முறையாச் சொல்லிட்டுத்தான் ஊசிய வைப்பாக. அதுக்கு மேல, பாட்டைக் கேட்டு எழுதுனவுக பேரு. ஊரு ஊராப் போகும் அந்தப் பட்டியலு. டீக்கடையில பாட்டுக்குக் காத்திருந்தவனை விடப் பேருக்குக் காத்திருந்தவன்தான் அதிகம். நானும் உங்க சித்தப்பனும் கொழும்புக்குக் கடுதாசி போட்டுட்டு, சாயங்காலமானா மாட்டைக்கூடக் கட்டாம ரேடியோப் பொட்டிக்கு அடியில நிப்போம். ஒரு நாளு வந்துச்சுடா. என் பேரு சரியா வந்துச்சு. உங்க சித்தப்பன் பேரு மட்டும் பொம்பளப் பேரா மாறி வந்துச்சு. அவனுக்கு ஊர்ல அந்தப் பேரு இன்னும் நிக்கிது. பாட்டு என்ன பாட்டுன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல.

நீங்க ‘பாப்’புன்னு சொல்றதை அவுக ‘பொப்’புன்னுவாக. ஏ.இ. மனோகரன்னு சிலோன்காரரு. அவரோட ‘சுராங்கனி’ நம்ம ஊரு கலியாணத்துல ஒலிக்காத பந்தல் கெடையாது. 1977ல நம்ம ராசாவே அதை ஒரு சினிமாவுல போட்டாரு. நீ போன மாசம் ‘செம பீட்டு மாமா, புதுசு’ன்னு எனக்குப் போட்டுக் காட்டுனது அதுதான். உங்க ஆத்தா கலியாணத்துல நான் வேட்டிய மடிச்சுக் கட்டி ஆடுன பாட்டு அது. உன் அதிஷ்டம், அப்ப கையில கேமரா வச்சவன் எவனும் இல்ல.

இப்ப எதுக்கு மேல பாக்குற? வெயில் சாயப் போகுதுன்னா? சரி போ, நம்ம சமணர் மலைதான, எங்க ஓடிப் போகப் போகுது. செட்டிப்புடவுல மகாவீரரு உக்காந்திருப்பாரு. நீ வழக்கம் போலப் படுத்துக்கிட்டு எடுப்ப. கீழ ‘காலத்தை வென்ற மர்மம்’னு எழுதுவ. மர்மம் என்னடா மர்மம்? அப்பிடியே பேச்சிப்பள்ளத்துக்கு நட. சொனைக்கு மேல பாறையில செதுக்குன சமணச் சாமிக வரிசையா உக்காந்தும் நின்னும் இருக்காகல்ல, அவுக காலடியில பாரு. வட்டெழுத்து. ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. இந்தத் திருமேனியச் செய்ய வச்சது இன்னார்னு கணக்கு இருக்கு. ஒரு எடத்துல அச்சணந்தியோட தாயாரு குணமதியாருன்னு இருக்கு. அச்சணந்தி ஊரு ஊராத் திரிஞ்ச பெரிய சமண முனிவரு. அவரைப் பெத்தவ பேரு நம்ம ஊரு பாறையில இருக்குடா. உன்னைப் பெத்தவளோட ஆத்தா பேரு உனக்குத் தெரியுமா? ‘அம்மாச்சி’ன்னு சொல்லாத. அது பேரு இல்ல.

முழிக்காத. நான் சொல்ல மாட்டேன், உங்க ஆத்தாளக் கேளு.

ஒண்ணு சொல்லிப்புடுறேன், பேரு எழுதுங்கன்னு நான் சொன்னதைக் கேட்டுட்டுப் பாறையில எழுதிப்புடாத. அதுக்குன்னே ஞாயித்துக்கிழமை சோடி சோடியா வர்ற கூட்டம் இருக்கு. நடுவுல அம்பு விட்ட நெஞ்சு, ரெண்டு பக்கமும் எழுத்து. தொல்லியல் துறை போர்டு வச்சிருக்கு. அந்தப் போர்டு மேலயே ஒருத்தன் எழுதியிருக்கான்.

உனக்கு வேலை மலையில இல்ல, வீட்டுல. உங்க அம்மாச்சியோட தகரப் பொட்டி பரண்ல கெடக்கு. அதுல ஒரு படம், அட்டையில ஒட்டுனது, ஸ்டூடியோவுல எடுத்தது. பின்னால திரையில மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைஞ்சிருக்கும். முன்னால நாற்காலியில ரெண்டு பேரு, பின்னால நாலு பேரு நிக்கிறாக. எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக, ஒருத்தன் மட்டும் கைக்கெடியாரம் தெரியணும்னு கையைத் தூக்கி வச்சிருக்கான். அந்தக் கெடியாரம் எரவல். யாருகிட்ட எரவல் வாங்குனான்னும் எனக்குத் தெரியும். நாற்காலியில இருக்குறவரு உங்க தாத்தா. அவரு தோள்ல கை வச்சுக்கிட்டு நிக்கிறவன் அவருக்குக் கடைசி வரைக்கும் குடுக்காத பாக்கி எம்புட்டுன்னும் தெரியும். ஓரத்துல பாவாடை சட்டையில ஒரு பொண்ணு நிக்கிது. அது யாருன்னு சொல்லக்கூடிய ஆளு இந்த ஊர்ல ரெண்டே பேரு. நான் ஒருத்தன். இன்னொருத்தி மேலத்தெருவுல படுத்த படுக்கையா இருக்கா, நாளைக்கே போய்ப் பாரு.

படத்தை எடுத்துட்டு வா. பின்னால எழுது. பேனா வேணாம், மை ஊறி முன்னால வந்து மொகத்துல நிக்கும். மெதுவான பென்சில் வாங்கிக்க, அழுத்தாம எழுது. எடதுலருந்து வலதுக்கு, பேரு, ஊரு, யாருக்கு யாரு என்ன ஒறவு, எந்த வருசம். வருசம் தெரியலைன்னா ‘இன்ன சண்டைக்குப் பிறகு’, ‘இன்ன வெள்ளத்துக்கு முன்னால’ன்னு எழுது, போதும். பென்சிலு டீக்கடைக்கு எதுத்த பொட்டிக்கடையில கெடைக்கும். பத்து ரூவாய்க்குள்ள முடிஞ்சிரும், லென்சை விட மலிவு, அக்காகிட்ட நெசமான வெலையவே சொல்லலாம்.