கணக்கு வராதோர் இயல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

“எனக்குக் கணக்கு வராதுங்க” என்னும் கூற்று தமிழ்நாட்டில் எங்கெங்கே ஒலிக்கிறது என்பது இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. வங்கி, காப்பீட்டு முகவரின் எதிர் நாற்காலி, வருமான வரிக்குரிய ஜூலை மாதம் ஆகிய மூன்று இடங்களில் அது மிகுதி. (ஜூலை ஓர் இடமா என்பது தனிக் கட்டுரைக்குரியது.) நகைக்கடையில் மட்டும் அது கேட்பதே இல்லை.

அங்கே நடப்பதோ சின்னக் கணக்கு அன்று. கிராம் விலையை எட்டால் பெருக்கினால் சவரன். அதன்மேல் சேதாரம், செய்கூலி. மொத்தத்துக்கு 3 விழுக்காடு ஜிஎஸ்டி. பழைய நகையில் கல் எடை போகக் கழிவு. இத்தனையையும் மனத்துக்குள் போட்டு முடித்த ஓர் அத்தை, “சேதாரத்துல ரெண்டு குறைங்க தம்பி” என்கிறார். ஏலச்சீட்டை எந்த மாதம் எவ்வளவு தள்ளி எடுத்தால் கட்டுப்படியாகும் என்பதும் அவருக்கு அத்துப்படி. அதே அத்தையிடம் கடன் படிவத்தை நீட்டினால் கண்ணாடியைத் தேடுகிறார். கண்ணாடி கிடைத்ததும் மருமகனைத் தேடுகிறார்.

பரம்பரைக் குறை என்ற வாதமும் நிற்காது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த முன்னோர், முந்திரி எனப்படும் 1/320 வரை பின்னம் அறிந்தவர்கள்.

ஆகவே கிருமி எண்ணில் இல்லை, விழுக்காட்டுக் குறியில் இருக்கிறது என்பது நம் கருதுகோள். “ஆண்டுக்கு 24 விழுக்காடு” என்றால் தலையாட்டிக் கையெழுத்திடுபவர், “நூத்துக்கு ரெண்டு வட்டி” என்றதும் “அடப்பாவி!” என்று எழுந்துவிடுகிறார். இரண்டும் ஒன்றே.

இந்த அச்சத்தால் பிழைப்பவர்களும் உண்டு. ஒரு லட்சம் கடன், ‘ஃபிளாட்’ பத்து விழுக்காடு, 12 தவணை, மாதம் 9,167 ரூபாய். “பத்தே பத்துதான் சார்.” மாதாமாதம் அசல் கரைகிறது, கடைசித் தவணையின்போது நம்மிடம் இருப்பது ஒன்பதாயிரம் சொச்சம். வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. குறையும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி 18 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. இதற்கு இயற்கணிதம் வேண்டாம். கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டணும், நடுவில் அசல் எப்படிக் குறையும் என்று மூன்று கேள்வி போதும்.

மேற்படி அத்தையிடம் இம்மருந்து சோதிக்கப்பட்டது. அவர் படிவத்தை நகை பில்லாகப் பாவித்து, விரலால் ஒரு வரியைத் தொட்டு, “இந்த பிராசசிங் ஃபீஸ் செய்கூலியா, சேதாரமா தம்பி?” என்றார். மேலாளரிடம் கேட்டு வருவதாகச் சொல்லிப்போன முகவர், இக்கட்டுரை அச்சேறும்வரை திரும்பவில்லை.